நகைக் கடனா, கல்விக் கடனா?

ஆனி பிறந்துவிட்டால் நம் வட்டாரத்துச் சங்கங்களில் நகைக் கடன் மேசையின் முன்னே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. திண்டிவனம் பக்கம் ஆடிப் பட்டத்து மணிலாவுக்கு விதையும் உரமும் தேடவேண்டிய காலம் அது. ஆகவே பதிவேட்டின் நோக்கப் பத்தியில் 'பயிர்ச் செலவு' என்று எழுதப்படுவதை யாரும் ஐயுறுவதில்லை. ஆயினும் சங்கங்களைப் பார்வையிடும் அலுவலில் சில ஆண்டுகள் கழித்தோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். அந்த வரிசையில் நிற்போர் பலரின் மடியில் இருப்பது கல்லூரிக் கட்டணச் சீட்டு. பயிர்க் கடனுக்கு வட்டிச் சலுகை உண்டு. பிள்ளையின் படிப்புக்கு அத்தகைய சலுகை இல்லை. எனவே பிள்ளையும் ஒரு பயிரென்று எழுதப்பட்டு விடுகிறது. தணிக்கைக் கண்ணால் பார்த்தால் இது குற்றமே. அந்தக் குற்றத்தை எழுதிவைக்க நம் பேனா பலமுறை தயங்கியிருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வங்கியில் கல்விக் கடன் இருக்க, தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் ஏன் சங்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கலாம். இந்திய வங்கிகள் சங்கம் 2001-ல் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கலாகாது. பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் இல்லை. ஏட்டில் இவ்வளவு இருக்கிறது. ஆனால் கல்லூரி ஒரு வாரத்தில் பணம் கட்டச் சொல்கிறது. வங்கியோ இன்னும் ஒரு காகிதம், இன்னும் ஒரு நாள் என்கிறது. சங்கத்தில் நகையை நிறுத்துப் பார்த்து அரை மணி நேரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். அது சங்கத்தின் பெருமைதான். ஆனால் இந்தக் கடனுக்கு வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்குகிறது. படித்து முடிக்கும் வரை அது காத்திருப்பதில்லை.

நிற்க. கல்விக் கடன் தள்ளுபடி என்ற பேச்சு 2016, 2021 ஆகிய இரு சட்டமன்றத் தேர்தல்களிலும் அடிபட்டது. கல்விக் கடன்களில் பெரும்பகுதி வணிக வங்கிகளுடையது; மாநில அரசாங்கம் அவற்றை ஓர் ஆணையால் அழித்துவிட இயலாது, கஜானாவிலிருந்து பணம் கொடுத்தே தீர்க்கவேண்டும். அதுவும் ஒருபுறம் இருக்கட்டும். நாளையே அப்படியொரு தள்ளுபடி வந்தாலும் 'கல்விக் கடன்' என்ற தலைப்பில் இருப்பதுதானே தள்ளுபடியாகும்? நம் அங்கத்தினர்களின் கல்விக் கடன் நகைக் கடன் பேரேட்டிலும், தறிக்கு வாங்கிய கடனிலும், கடைத்தெரு அடகுக் கடையிலும் அல்லவா கிடக்கிறது? அமெரிக்காவிலும் இதே கதையைத்தான் கண்டோம். 2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் ஆளுக்கு 10,000 டாலர், மிக ஏழை மாணவருக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி என்று அறிவித்தார். அது மத்திய அரசாங்கத்தின் வசமிருந்த கடன்களுக்கு மட்டுமே. தனியாரிடம் வாங்கியவருக்கு ஒரு காசும் இல்லை. முடிவில் 2023 ஜூன் 30 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே செல்லாதென்று கூறிவிட்டது.

நமக்கு இவ்விஷயத்தில் ஒரு மனக்குறை உண்டு. 2021 மார்ச்சில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் வசூல் முனைப்பில், விழுப்புரத்தை அடுத்த ஒரு சங்கத்தில் பட்டு நெசவாளர் ஒருவரை நகையைத் திருப்பும்படி நாமே வற்புறுத்தினோம். மகளின் பொறியியல் படிப்புக்காக நான்கு பவுன் வைத்திருந்தார். தேர்தல் காலம்; தள்ளுபடி வரும், கட்டாதே என்று அக்கம்பக்கத்தார் சொல்லியும் கேளாமல், கைமாற்று வாங்கி மார்ச் 29-ல் கணக்கைத் தீர்த்தார்; ஏப்ரலில் அதே நகையை மீண்டும் வைத்துக் கைமாற்றைக் கொடுத்தார். பின்னர் வந்த ஆணைப்படி 31.3.2021 அன்று நிலுவையிலிருந்த, 5 பவுனுக்கு உட்பட்ட நகைக் கடன்களே தள்ளுபடியாயின. அவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த முறை சந்தித்தபோது, "ஐயா சொன்னீங்க, கட்டினேன்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நமக்கும் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இதனால் தள்ளுபடியே கூடாதென்று சொல்ல வருகிறோமா? இல்லை. வேலை கிடைக்காத பிள்ளையின் தகப்பனிடம் நாணயத்தைப் பற்றி உபதேசம் செய்வது எளிது. எனினும் ஒரு குறிப்பிட்ட தேதியில் கோடு கிழித்து அசலை முழுதும் அழிக்கும் முறை, கட்டியவனை முட்டாளாக்குகிறது. அதனினும் மேலானது, வட்டியை அரசாங்கம் ஏற்று, அசலுக்கு நீண்ட தவணை தருவது. அந்த நிவாரணத்துக்குக் கடனின் பெயரைப் பாராமல் கல்லூரி ரசீதைப் பார்க்கவேண்டும். ரசீதும் நகைக் கடன் சீட்டும் அருகருகே தேதி கொண்டிருந்தால் அதைவிடச் சான்று என்ன வேண்டும்?

வட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 1 லட்சமாக நான்காண்டுப் படிப்புக்கு 4 லட்சம் வங்கிக் கடன். தனிவட்டி நூற்றுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் ஆகியிருக்கும். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு மேற்படாத குடும்பமானால், தொழிற்படிப்புகளுக்கு இந்த வட்டி முழுவதையும் மத்திய அரசாங்கமே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து உள்ளது. இதற்கு வருமானச் சான்று வாங்கிக் கடன் பெற்ற வங்கிக் கிளையில் கொடுக்கவேண்டும். கல்லூரியோ படிப்போ உரிய தர அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனை 2018-ல் சேர்ந்தது. ஒரு சான்றிதழின் விலை 1,40,000 ரூபாய் என்பதை நம் அங்கத்தினர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்?

கடனே வேண்டாத வழிகளும் உண்டு. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் பட்டப் படிப்புக்கான பயிற்றுக் கட்டணம் 2007-லேயே நீக்கப்பட்டது. தொழிற்கல்வியில் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-லிருந்து கிடைக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் முதலிய படிப்புகளில் சேர்வோரின் கட்டணத்தை 2021 முதல் அரசாங்கமே செலுத்துகிறது. ஆனால் இச்சலுகைகள் கலந்தாய்வு வழியே சேர்வோர்க்குத்தான். தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இப்போதே இடம் வாங்கித் தருகிறேன்" என்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டால், பிள்ளை முதல் பட்டதாரியாயிருந்தும் சலுகை போய்விடும். தரகருக்குக் கமிஷன் உண்டு. கல்லூரிக்குக் கட்டணம் உண்டு. வங்கிக்கு வட்டி உண்டு. பட்டம் வேலைக்கு உதவாமற் போனால் நட்டம் மட்டும் தகப்பனுக்கு. மணிலா விதை முளைக்காவிட்டால் விற்றவரிடம் போய்ச் சண்டையாவது போடலாம்!

ஆகவே சங்கங்களுக்கு நாம் கேட்பது பெரிதன்று. நோக்கப் பத்தியில் 'கல்வி' என்று உள்ளபடி எழுத இடங்கொடுங்கள். அப்படி எழுதுவோர்க்குப் பயிர்க் கடனுக்குரிய வட்டிச் சலுகையை அளிக்கும்படி பேரவையில் தீர்மானம் இயற்றி அரசாங்கத்துக்கு அனுப்புங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று செயலாளர் மேசையைப் பெற்றோர்க்குத் திறந்து வையுங்கள். கலந்தாய்வுக்குப் பதியவும், வருமானச் சான்றுக்கும் வங்கிக்கும் மனு எழுதவும் தெரிந்த பட்டதாரி ஒருவர் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார். அந்தப் பட்டு நெசவாளரின் மகளும் 2022-ல் படிப்பை முடித்துவிட்டாள். வருகிற மே மாதம் அவர்கள் சங்கத்தில் அப்படி ஒரு மேசை போட்டால் தான் வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள்.