கைக்கணக்கில் கிட்டிக்கும் மருந்து

கார்த்திகை பிறந்தால் திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரம் வட்டாரத்து மக்காச்சோளக்காரர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. கதிரில் பால் பிடிக்கும் வாசம் காட்டுப்பன்றிக்கு எப்படியோ எட்டிவிடுகிறது. சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டி, பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டி, டார்ச் அடித்து, வெடி போட்டு விடியவிடியக் காவல் இருக்கிறார்கள். பன்றிக்கூட்டம் புகுந்துபோன நிலத்தைக் காலையில் பார்த்தால் வயிறு எரியும். தின்ற கதிரைவிட மிதித்துச் சாய்த்த தட்டைதான் அதிகம். கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரத்தில் யானையும் சேர்ந்துகொள்ளும்.

இந்த எரிச்சலில்தான் தமிழ்நாட்டு மலையடிவாரங்களில் சிலர் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுக்கிறார்கள். குழாயின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, கம்பியால் கிட்டித்து, மேலே ஈயக்குண்டையோ பால்ரஸையோ போடுகிறார்கள். மருந்துக்கு அளவு என்ன என்றால் உள்ளங்கைதான். யார் உள்ளங்கை, எவ்வளவு குழிந்த உள்ளங்கை என்பதற்குக் கணக்கே இல்லை. குழாய் வெடித்தால் போவது சுடுகிறவரின் விரலும் கண்ணும்.

கையால் மருந்து நிரப்புவது உலகத்தில் வேறொரு இடத்திலும் நடக்கிறது. அமெரிக்காவில் ‘வைல்ட்கேட்’ என்று ஒரு வகைத் தோட்டா உண்டு. எந்தக் கம்பெனியும் தயாரித்து விற்காதது. இருக்கிற பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கியோ தோளை மாற்றியோ வேட்டைக்காரர்களே தங்களுக்கு வேண்டியபடி உருவாக்கிக்கொள்வது. கலிபோர்னியாவில் காப்பீட்டு முகவராக இருந்த ராய் வெதர்பி, 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கி நிறுவனம் கொண்டுவந்த .375 மேக்னம் என்னும், மருந்து அதிகம் கொள்ளும் தோட்டாவின் வழிவந்த கூடுகளை 1940களில் இப்படி மாற்றித்தான் தன் பெயரிலேயே மேக்னம் தோட்டாக்களை உண்டாக்கினார். கடையில் கிடைக்காத தோட்டா என்பதால் ஒவ்வொன்றையும் வீட்டு மேசையில் கையாலேயே கட்டவேண்டும். சட்டம் அதை அங்கே அனுமதிக்கிறது.

அந்த மேசையில் நடப்பது தட்டான் பட்டறை வேலைதான். மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம், ஒரு குன்றிமணியில் பாதி. .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற தோட்டா வெடிக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. காரின் டயரில் இருப்பதைப்போல 2,000 மடங்கு. அதனால்தான் கையால் தோட்டா கட்டுபவர்கள் தராசைச் சரிபார்க்காமல் மருந்து டப்பாவையே திறப்பதில்லை. சுட்ட கூட்டை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்க்கிறார்கள். எழுதி வைக்கிறார்கள். சோதித்த கணக்கு ஏதும் அச்சில் இல்லாத வைல்ட்கேட்டுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

நமக்கும் துப்பாக்கி மருந்துக்கும் பழைய உறவு உண்டு. 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக, அதாவது படை ஆளுநராக, வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். பின்னால் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் தோட்டாவின் உருவத்தையே மாற்றியது. 1907இல் .450 அங்குல அளவை இந்தியாவில் தடைசெய்ததும் இங்கிலாந்தின் துப்பாக்கிக்காரர்கள் .465, .470 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தார்கள். ராணுவத்தின் .303 பொதுமக்களுக்குக் கூடாது என்றதால் இந்தியாவில் பரவியதுதான் .315. தர்மபுரி, பென்னாகரம் காடுகளில் சுற்றிய வேட்டைக்கார எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அந்தத் தோட்டாவைக் கம்பெனி நிறுத்திய பிறகு அமெரிக்காவில் அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் கையால் தோட்டா கட்டியவர்கள்தான்.

இங்கே அந்த வழி கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டு முதல் ஆயுள்வரை. வேட்டையும் முடிந்த கதை. 1972இல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1991 திருத்தத்தில் கதவை முழுவதுமாகச் சாத்தியது. சாத்தியது சரிதான். ஆனால் அதே ஆயுதச் சட்டம், உண்மையான பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று 13ஆவது பிரிவில் இன்றும் சொல்கிறது. பயிரைக் காக்கும் உழவரின் தேவையைச் சட்டம் அப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறது. அவருக்கு அது காட்டிய கருவிதான் உள்ளங்கை அளவில் மருந்து போடும் பழங்காலக் கருவி.

இதைவிடக் கொடியது அவுட்டுக்காய். தின்பண்டத்துக்குள் வெடிமருந்து. அதைக் கடிப்பது பன்றியா, மாடா, யானையா என்று வைத்தவருக்குத் தெரியாது. 2020 மே 27 அன்று பாலக்காட்டில் வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை அமிழ்த்தி நின்றபடியே ஒரு யானை செத்தது. வயிற்றில் குட்டி இருந்தது. பன்றிக்கு வைத்த வெடி என்றுதான் விசாரணையில் தெரியவந்தது. எந்தப் பயிர்நட்டமும் இதற்குச் சமாதானம் ஆகாது.

அதற்காக உழவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் போவதும் நியாயமில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர் சுடலாம். ஆலைத் தோட்டா, பழகிய கை, யார் சுட்டார் என்பதற்குப் பதிவு. மூன்றும் சேர்ந்திருப்பதால் இது நல்ல வழி. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்தது. தமிழ்நாடு துப்பாக்கியை வனத்துறையின் கையிலேயே வைத்திருப்பது மேல்.

ஆனால் நிலத்தைச் சுற்றிச் சேலை கட்டிக் காவல் இருப்பவருக்குத் தன் நிலம் எந்தக் கிலோமீட்டரில் வருகிறது என்று யார் சொல்வது? மலையடிவார ஊர்களில் பல நிலங்கள் முதல் இரண்டு வளையங்களுக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே துப்பாக்கி வராது, வரவும் கூடாது. அப்படியானால் கூண்டு வரவேண்டும், இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வரவேண்டும், மானியத்தில் சூரியசக்தி வேலி போட ஊரே சேர்ந்து விண்ணப்பிக்க உதவுவதற்கு அதிகாரிகள் தோட்டத்துக்கு வரவேண்டும். இவற்றில் ஒன்று தாமதமானாலும் அந்த இடத்தில் கரிமருந்து வந்து உட்காரும்.

வனத்துறை முதலில் செய்யவேண்டியது சின்ன வேலை. எந்தெந்தச் சர்வே எண் எந்த வளையத்தில் வருகிறது என்ற பட்டியலை ரெட்டியார்சத்திரம் ஒன்றிய அலுவலகத்திலும் ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் ஒட்டவேண்டும். ராத்திரி அழைத்தால் எடுக்கும் ஒரு தொலைபேசி எண்ணையும் அதன் கீழே எழுதவேண்டும். உரிமம் இல்லாத துப்பாக்கியைப் பரணில் ஒளித்து வைத்திருப்பவர்கள் அதைக் காவல்நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் கார்த்திகையில் கதிர் பிடித்துவிடும். பட்டியல் அதற்கு முன்னால் சுவரில் இருக்கட்டும்.