ஏரி ஒன்று, துறைகள் பல, காப்பவர் எவர்?



ஒரு வீட்டிற்குத் தலைவர் எழுவர் இருப்பின், அவ்வீட்டுக் கூரை ஒழுகுங்கால் ஏணி எடுத்து ஏறிப் பார்ப்பவர் ஒருவரும் இரார். மூத்தவர் இளையவரைச் சுட்டுவார். இளையவர் மூத்தவரைச் சுட்டுவார். மழை இருவரையும் பாராது உள்ளே இறங்கும். நம் நாட்டுப் பேரேரிகளின் இற்றை நிலை இதுவே. ஏரியை ஆள்வதற்குத் துறைகள் பல உள. ஏரியை முழுமையாகக் காப்பதற்கு மட்டும் எவரும் இலர். இதனை வெற்றுச் சொல்லாக விடாது, ஓர் ஏரியை எடுத்துக்கொண்டு மெய்ப்பிக்க விழைகின்றோம். அவ்வேரி வீராணம்.

கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவிலை அடுத்துக் கிடக்கும் இப்பேரேரி, முதற் பராந்தக சோழன் ஆட்சியில் (907–955) அவன் மகன் இராசாதித்தனால் எடுப்பிக்கப்பெற்றது என்பது வழிவழி வந்த செய்தி. பராந்தகனின் பட்டப்பெயராகிய வீரநாராயணன் என்பதே ஏரிக்கும் பெயராகி, நாளடைவில் வீராணம் எனச் சுருங்கிற்று. இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தவாறே மாண்டான். அவன் காக்க முனைந்த எல்லைகள் எல்லாம் அழிந்துபோயின. அவன் எடுத்த கரையோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றது. ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் இன்றும் அக்கரையை நம்பியே விளைகின்றது. ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி, முழுக் கொள்ளளவு 146 கோடிக் கன அடிக்குச் சற்று மிகுதி.

2004-ஆம் ஆண்டு முதல் இவ்வேரியின் தோளில் மற்றொரு சுமையும் ஏறிற்று. ஏரி நீர் வடக்குத்தில் தூய்மை செய்யப்பெற்று, 200 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவு குழாய்வழி ஓடிச் சென்னையை அடைகின்றது. நாளொன்றுக்கு 18 கோடி இலிட்டர் என்னும் அளவில் அத்திட்டம் வகுக்கப்பெற்றது. அதற்கு முன் தொடங்கப்பெற்றுக் கைவிடப்பட்ட முதல் திட்டத்தின் பெருங்குழாய்கள் சாலையோரங்களில் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்ததை மூத்தோர் மறந்திரார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தபொழுது, தலைநகரின் தொண்டையை நனைத்தவற்றுள் வீராணத்து நீரும் ஒன்று. இத்துணைப் பெரிய பயன் தரும் ஏரியை நாம் எங்ஙனம் ஆள்கின்றோம்?

கரையும் மதகும் நீர்வளத் துறையின. 2021 வரை அது பொதுப்பணித் துறைக்குள் அடங்கியிருந்தது. நிலப்பதிவும் வன்கவர்வு பற்றிய ஆவணங்களும் வருவாய்த் துறையின. குழாயில் செல்லும் நீர் சென்னைக் குடிநீர் வாரியத்தினது. மீன் ஒரு துறைக்கு. பயிர் மற்றொரு துறைக்கு. வண்டலை அள்ளுதற்கும் தனி இசைவு பெறல் வேண்டும். கரையூர்களின் கழிவுநீர் ஊராட்சிகள், பேரூராட்சிகளின் பொறுப்பு. நீர் மாசுற்றதா என ஆய்வது மாசு கட்டுப்பாட்டு வாரியம். இவற்றுள் எதனையும் நாம் வேண்டாதது எனக் கூறவில்லை. ஒவ்வொன்றும் தத்தம் கடனைச் செய்வதாகவே கொள்வோம். ஆயினும், ஒவ்வொருவரும் தத்தம் கடனைச் செய்த பின்னரும் ஏரி கெடக்கூடும் என்பதுதான் நாம் உணர வேண்டிய உண்மை. மூன்று முடிச்சுகளைக் காட்டுவோம்.

முதலாவது, தூர். வண்டல் மேடிட்டுக் கொள்ளளவு குறைவது எல்லா ஏரிக்கும் உள்ள நோய். அதற்கு மருந்து தூர்வாருதல். ஏரி வற்றிக் கிடக்கும் கோடையிலேதான் தூர்வார இயலும் என்பதை உழவர் எவரும் கூறுவர். சென்னைக்கோ கோடையிலேதான் நீர் மிகுதியும் வேண்டும். ஆகலின் ஏரியை வற்றவிடல் ஆகாது என்கின்றது ஒரு துறை. வற்றவிட்டாலன்றித் தூர்வாரல் ஆகாது என்கின்றது மற்றொரு துறை. இரண்டு கூற்றும் உண்மையே. எந்த ஆண்டு, எந்தப் பகுதியை, எத்துணை நாளுக்கு வற்றவிடுவது, அந்நாள்களில் சென்னைக்கு எங்கிருந்து நீர் தருவது என்று இரண்டையும் ஒருங்கே எண்ணி முடிவு செய்யும் பொறுப்பு எவரிடம் உள்ளது? தூரை ஆண்டுதோறும் தள்ளிப் போடுவதே எளிய வழியாகிவிடுகின்றது. தள்ளிப் போட்ட ஒவ்வோர் ஆண்டும் ஏரியின் வயிறு சிறுக்கின்றது. சிறுத்த வயிறு நாளை உழவனுக்கும் பற்றாது, நகரத்தானுக்கும் பற்றாது.

இரண்டாவது, அவ்வண்டல் வரும் வழி. காவிரி நீர் கொள்ளிடம் வழியாகக் கீழணையை அடைந்து, அங்கிருந்து வடவாற்றின் வழியே வீராணத்தை நிறைக்கின்றது. இஃதன்றி, மழைக்காலத்தில் அரியலூர் மாவட்டத்து மேட்டு நிலங்களினின்று செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் வெள்ளத்தைக் கொணர்கின்றன. மேட்டு நிலத்து மண் அரிக்கப்படின் அது வந்து சேரும் இடம் ஏரியின் அடிவயிறே. ஆயின் ஓடையின் தலை ஒரு மாவட்டத்தில். ஏரி மற்றொரு மாவட்டத்தில். அங்கே மரம் நடுவதும் தடுப்பணை கட்டுவதும் அம்மாவட்டத்தின் திட்டம். இங்கே தூர் அள்ளுவது இம்மாவட்டத்தின் செலவு. வாயில் மண் விழுவதைத் தடுக்காது வயிற்றை மட்டும் கழுவுவது எவ்வகை மருத்துவம்?

மூன்றாவது, வெள்ளம். குடிநீரை நாடுவோர்க்கு ஏரி எப்பொழுதும் நிறைந்திருத்தல் நன்று. ஆனால் நிறைந்த ஏரியில் வடகிழக்குப் பருவமழையின் ஓடை வெள்ளம் வந்து இறங்கின், அதனை வெளியே விடுதலன்றி வேறு வழி இல்லை. வெள்ளியங்கால் ஓடையின் கரையூர்களும் வயல்களும் அவ்வெள்ளத்தை ஏற்க வேண்டியனவாகின்றன. நிறைத்து வைத்ததன் பயன் ஒருவர்க்கு. நிறைந்து வழிந்ததன் துன்பம் மற்றொருவர்க்கு. நீர்மட்டத்தை முடிவு செய்யும் இடத்தில் அம்மற்றொருவர்க்கு இருக்கை உண்டா?

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. பெரும்பொருளும் பேரறிவும் படைத்த நாடுகளையும் அது பற்றியதுண்டு. அவர்கள் பட்டறிந்ததை நாம் கேட்டறிவது நன்று. அமெரிக்க ஒன்றிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் இடையே ஐம்பேரேரிகள் உள்ளன. உலகின் நிலமேல் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றில் அடங்கும். எல்லை நீர் பற்றிய உடன்படிக்கையை 1909-லேயே செய்துகொண்ட இரு நாடுகளும், 1960களில் அவற்றுள் ஒன்றாகிய ஈரி ஏரி பாசி மண்டி மூச்சுத் திணறுவதைக் கண்டன. கழிவுநீரோடும் துணி வெளுக்கும் தூளோடும் வந்து சேர்ந்த பாசுபரசே அதற்குக் கரணியம் எனத் தெளிந்து, 1972-இல் நீர்த்தூய்மை உடன்படிக்கை செய்து, இருபாலும் ஒரே அளவுகோல் கொண்டு அதனைக் குறைத்தன. ஏரி மீண்டது.

ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்லத் திட்டங்கள் பெருகின, இணைப்புத் தளர்ந்தது. 2003-இல் அமெரிக்க நடுவணரசின் தணிக்கை அமைப்பு எண்ணிப் பார்த்தபொழுது, அவ்வேரிப் பகுதியில் நடுவணரசின் திட்டங்கள் 148, மாநிலங்களின் திட்டங்கள் 51 எனக் கண்டது. அத்தனையையும் ஒருங்கிணைக்கும் ஒரு பொதுத் திட்டம் மட்டும் இல்லை என்றது. 2004-இல் நடுவணரசுத் துறைத் தலைவர்களை ஒரு குழுவில் அமர்த்தும் ஆணை பிறந்தது. 2010 முதல் ஏரிகளை மீட்பதற்கெனத் தனிப்பொருளும் ஒதுக்கப்பட்டது. இத்துணைக்குப் பின்னும், 2014 ஆகசுட்டில் ஈரி ஏரியின் நீரில் பாசி நஞ்சு கலந்தமையால் தொலீடோ நகரத்து மக்கள் ஏறத்தாழ நான்கு இலக்கம் பேர் குழாய்நீரைப் பருக இயலாது தவித்தனர். கரணியம் என்ன? நகரக் கழிவிற்கு இருந்த கட்டுப்பாடு வயல்களினின்று வடியும் உரத்திற்கு இல்லை. ஒரு வாயிலை அடைத்து மறு வாயிலைத் திறந்து வைத்தனர்; பகை திறந்த வாயில் வழியே நுழைந்தது. இணைப்பு என்பது பெரும்பாலாரை இணைப்பதன்று. ஏரியைக் கெடுக்க வல்லார் ஒருவரையும் விடாது இணைப்பது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

இனி, நம் முன்னோர் இதற்கு என் செய்தனர் எனக் காண்போம். வீராணம் எழுந்த அதே பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை உத்தரமேரூர்க் கல்வெட்டுகள். குடவோலை முறையை அவற்றால் அறிந்து பெருமை பேசுகின்றோம். அக்குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதை எத்துணைப் பேர் நினைவில் கொள்கின்றோம்? அறுவர் கொண்ட குழு அது. ஓராண்டுப் பொறுப்பு. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அமர இயலாது. அவருடைய உறவினரும் இயலாது. ஏரிக்கெனத் தனிக் குழு, அதற்கென முடிவுள்ள காலம், அதற்கென ஊரறியக் கணக்கு ஆகிய மூன்றும் அன்று இருந்தன.

அவ்வூர் பார்ப்பனர்க்கு அளிக்கப்பெற்ற ஊர் என்பதையும், நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவரே அவ்வாரியங்களில் இடம் பெற்றனர் என்பதையும், மண் சுமந்து கரை கட்டியவர்க்கு அங்கு இடம் இருந்ததில்லை என்பதையும் நாம் மறைக்க மாட்டோம். பழமை என்பதனாலேயே அனைத்தையும் போற்றுவது அறிவுடைமை ஆகாது. அவ்வாரியத்தின் கதவடைப்பை விடுத்து, அதன் கணக்குடைமையைக் கைக்கொள்வோம் என்பதே நம் கருத்து.

இற்றைச் சட்டங்கள் போதாவோ எனின், போதா. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் காப்புச் சட்டம் வன்கவர்வை அகற்றுவதற்கென எழுந்தது. அதுவும் பொதுப்பணித் துறையின்கீழ் இருந்த ஏரிகளுக்கே. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரிகளுள் பெரும்பாலானவை ஊராட்சி ஒன்றியங்களிடம் உள்ளவை. 2000-ஆம் ஆண்டின் சட்டம் உழவர்க்கு நீர்ப்பயன் சங்கங்களைத் தந்தது. அவை வாய்க்காலளவில் நின்றன. 2017-இல் குடிமராமத்து என்னும் பழம்பெயர் மீண்டும் எழுந்தது. அது பணியின் பெயராக இருந்ததேயன்றி, என்றும் நிற்கும் அமைப்பாக வளரவில்லை.

ஆகலின் நாம் கேட்பது இது: பேரேரி ஒவ்வொன்றிற்கும் சட்டத்தின்வழி ஓர் ஏரி வாரியம் வேண்டும். அதன் எல்லை மாவட்ட எல்லையாக இராது, நீரின் எல்லையாக இருத்தல் வேண்டும். வீராணத்திற்கெனின் கீழணை முதல், அரியலூர் ஓடைகளின் தலை முதல், வெள்ளம் வடியும் கடைசி வயல் வரை. துறைகள் தத்தம் பணியைச் செய்யட்டும். ஆனால் வாரியம் வகுக்கும் ஒரே ஆண்டுத் திட்டத்திற்கு உட்பட்டே செய்யட்டும். தலைமடை, கடைமடை உழவரும், நிலமற்ற உழைப்பாளரும், மீன்பிடிப்போரும், வெள்ளத்தில் மூழ்கும் ஊரினரும், பெண்டிரும் அதில் அமரட்டும். சென்னைக் குடிநீர் வாரியமும் அமரட்டும். பெறும் நீருக்கு ஈடாக ஏரியின் தூருக்கும் கரைக்கும் ஒரு பங்கு செலவை அது ஏற்கட்டும். எத்துணை நீர் வந்தது, எவர்க்குச் சென்றது, எத்துணை வண்டல் அள்ளப்பட்டது, எத்துணைப் பொருள் செலவாயிற்று என்பன ஆண்டுதோறும் தமிழில் அச்சிடப்பெற்று ஊர்மன்றங்களில் படிக்கப்படட்டும்.

"இருக்கும் துறைகள் போதாவென்று இன்னும் ஒன்றா?" எனச் சிலர் நகைப்பர். அவ்வையம் முறையானதே. பொருளும் ஆணையுரிமையும் இல்லாத வாரியம் பிறக்குமாயின், அது மற்றுமொரு பெயர்ப்பலகையாகவே நிற்கும். அத்தகைய வாரியத்தை நாமும் வேண்டோம். தூர்வாருவதா, நீர் தேக்குவதா என்னும் வழக்கு எழுங்கால், இதுவே முடிவு என உரைக்கும் ஆற்றலும், அம்முடிவு பிழையாயின் மக்கள்முன் நின்று விடை கூறும் கடமையும் உடைய ஒன்றையே வேண்டுகின்றோம்.

தமிழ்மக்களே! ஏரி, கண்மாய், குளம், தாங்கல், ஏந்தல் எனவும், கரை, மதகு, மடை, கலிங்கு எனவும் நீர்நிலைக்கும் அதன் ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயரிட்ட இனம் நாம். பெயரிட்டவர் பார்வையிட்டவர், பார்வையிட்டவர் பேணியவர். இன்று பெயர்கள் எஞ்சியுள்ளன, பேணுதல் எஞ்சவில்லை. அடுத்த ஊர்மன்றக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். "நம் ஏரிக்குப் பொறுப்பாளர் எவர்? ஒரே ஒரு பெயரைக் கூறுக" எனக் கேளுங்கள். விடை வாராது. வரும்வரை கேளுங்கள்.