இல்லத்தில் விளையும் நிறைவு

மனநிறைவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வயிறு நிறைந்தவராகவும், அதனைப் படிப்போர் பெரும்பாலும் நூலுக்கும் விதைக்கும் பணம் தேடுவோராகவும் இருப்பது உலகியல்பு. ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொள்ளும்போதே ஒன்றைத் தெளிவாக்கிவிடுதல் நலம். கூலி குறைந்து நிற்பவனிடம் "இருப்பதே போதும் என்றிரு" எனக் கூறுவது அறிவுரையன்று; அது ஏமாற்று. உழைப்புக்குரிய கூலியையும் விளைச்சலுக்குரிய விலையையும் கேட்டுப் பெறுவதற்காகவே நாம் சங்கம் அமைத்தோம். அவ்வுரிமையை மனநிறைவின் பெயரால் விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை.

எனினும், வருமானம் உயர்ந்த வீடுகளிலெல்லாம் அமைதியும் உடன் உயர்ந்துவிட்டதா? இல்லை என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். கூடுதல் கூலி கண்ட ஆண்டிலேயே கூடுதல் கடன் கண்ட குடும்பங்கள் உண்டு. சிறு வருமானத்திலும் மாலைப் பொழுதைச் சிரிப்போடு கழிக்கும் குடும்பங்களும் உண்டு. இவ்வேறுபாடு எங்கே பிறக்கிறது? இல்லத்தின் நிறைவு தானே வந்து வாய்ப்பதுமன்று, கடையில் கிடைப்பதுமன்று. அது நாள்தோறும் கையால் செய்யப்பெறும் பொருள் என்பதே நமது கருத்து. வீட்டார் அனைவரும் சேர்ந்து செய்யின் அது நிலைக்கும். ஒருவர் செய்ய, ஏனையோர் துய்க்கும் வீட்டில் அது நெடுநாள் நில்லாது.

நெசவாளர் இல்லத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அலுவலகம் செல்வோர்க்கு வீடு வேறு, பணியிடம் வேறு. நமக்கோ தறிக்குழிக்கும் அடுப்புக்கும் இடையே பத்தடித் தூரங்கூட இராது. குழந்தை தூளியில் உறங்குவது தறியோசையைக் கேட்டபடியே. விருந்தினர் வந்து அமர்வதும் பாவின் அருகிலேயே. உழவர் இல்லமும் ஏறக்குறைய இத்தகையதே. திண்ணையில் விதைநெல் காயும். கொல்லையில் மாடு நிற்கும். விடியுமுன் பால் கறந்து சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்த பின்னரே வீட்டில் அடுப்பு எரியும். தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதால் நமக்கு ஒரு பேறும் உண்டு, ஒரு துன்பமும் உண்டு.

பேறு யாது? தந்தை செய்யும் தொழிலைப் பிள்ளை கண்ணால் காண்கிறது. பள்ளிச் சிறுவன் தறியருகே அமர்ந்து வாய்விட்டுப் பாடம் படிக்க, நாடாவை ஓட்டிக்கொண்டே தந்தை அவன் பிழையைத் திருத்துகிறார். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிடும்போது அண்டை வீட்டார் அழையாமலே வந்து கை கொடுக்கின்றனர். புதுப் பாவு தறியேறும் நாளில் வீட்டில் சிறு விழாவின் களை தோன்றுகிறது. அறுவடை முடிந்து புத்தரிசி பொங்கும் நாளில் உழவர் வீட்டிலும் அவ்வாறே. பகலெல்லாம் ஒலித்த தறி மாலையில் நின்றவுடன் வீட்டில் பரவும் அமைதியைத் தறிவீட்டில் வாழ்ந்தவரே அறிவர். இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. இவை நம் கண்முன்னே இருப்பதாலேயே நாம் இவற்றைச் செல்வமாக எண்ணுவதில்லை.

துன்பம் யாது? தொழிலுக்கு வேலி இல்லாமையே. ஆலையில் சங்கு ஊதினால் வேலை நிற்கும். தறிவீட்டில் சங்கு ஊதுவார் யார்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னர் இரவு நெடுநேரம் தறி ஓடுகிறது. தறியில் இருப்பவர் ஒருவரே என வெளியார் எண்ணுவர். ஆனால் சிட்டத்து நூலைப் பிரிப்பதும், தார் சுற்றுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும், இவற்றிடையே உலை வைப்பதும் யார் கை? 2019-20ஆம் ஆண்டில் நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவும் அதன் சார்புத் தொழில்களும் செய்வோர் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர் என்றும், அவருள் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர் பெண்கள் என்றும் காட்டிற்று. இருந்தும் எத்தனையோ வீடுகளில் கூலிப் புத்தகத்தில் இருப்பது ஆண் பெயர் ஒன்றே. தார் சுற்றிய கையின் உழைப்பு சேலையின் கூலிக்குள் மறைந்துவிடுகிறது.

அடுப்படி வேலையோ எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம், மக்கள் ஒரு நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று நாடெங்கும் ஆராய்ந்தது. ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அவ்வாறு ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர்தாம். ஏறத்தாழ ஐந்து மணி நேர உழைப்பை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, "எங்கள் வீடு நிறைவான வீடு" என்று மற்றவர் மகிழ்வது எவ்வாறு பொருந்தும்? சமைத்துப் பரிமாறி எல்லோரும் உண்ட பின் தனியே அமர்ந்து உண்பவளிடமும் கேட்டறிந்த பின்னரே, ஒரு வீடு நிறைவானதா என்று முடிவு செய்தல் வேண்டும்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை நம் அங்கத்தினர் அறிவர். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடா என மூன்று நாடாக்கள் அதில் ஓடுகின்றன. தறியில் அமர்ந்தவர் தனியே அதனை நெய்வது அரிது. பக்கத்தில் ஒருவர் இருந்து கரை நாடாவைத் தள்ளித் தருதல் வேண்டும். உடலும் கரையும் இணையும் இடத்தில் பிடி தளர்ந்தால், சேலை எத்துணைப் பட்டாயினும் அங்கே விட்டுப்போகும். இல்லமும் அத்தகையதே. உழைப்பு இணையும் இடத்திலேதான் அதன் உறுதி இருக்கிறது.

இல்லத்தைப் பற்றிப் பேசுவது கூட்டுறவுப் பத்திரிகைக்கு உரியதா என வினவுவாரும் இருக்கலாம். நமது இயக்கத்தின் பிறப்பை அவர் நினைவுகூர வேண்டுகிறோம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் ஆகிய 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு பங்கு சேர்த்து, 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அங்கே விற்கப்பட்டவை எவை? வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள். கலப்படமில்லா மாவும், சரியான எடையும், இரவில் ஒரு விளக்கும் வீட்டுக்கு வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். நம் நாட்டில் 1904ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கமும் குடும்பங்களுக்கு வேண்டிய பண்டங்களை வழங்கவே தொடங்கிற்று. நமது இயக்கம் அடுக்களையின் தேவையில் பிறந்தது. வீட்டின் நிறைவு அதற்குப் புறம்பான பொருளாக எவ்வாறு ஆகும்?

இனி, செய்யத்தக்கவை யாவை? முதலாவது, பொழுதுக்கு வேலி இடுதல். நாளில் ஒரு வேளையேனும், பெரும்பாலும் இரவு உணவை, வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும். அந்நேரத்தில் தறியும் நிற்கட்டும்; கைப்பேசியும் அலமாரியில் உறங்கட்டும். கூழானாலும் குழம்பானாலும், பரிமாறுபவரும் உடன் அமர்ந்து உண்பதே அவ்வேளையின் விதி. அன்று பள்ளியில் நடந்ததும், வயலில் கண்டதும், பாட்டியின் முழங்கால் வலியும் அங்கே பேசப்படும். பேச்சு நின்ற வீட்டில் மனக்கசப்புப் புகுதற்கு நெடுநாள் வேண்டுவதில்லை.

இரண்டாவது, வேலையைப் பங்கிடுதல். தார் சுற்றும் பெண்ணுக்கு நீர் எடுத்துத் தருவதால் நெசவாளியின் மதிப்புக் குறையாது. தாம் உண்ட தட்டைத் தாமே கழுவுவதால் உழவரின் கை தேயாது. மகனும் மகளும் ஒரே வயதினராயின் அவர்க்கு வீட்டு வேலையும் ஒரே அளவினதாகட்டும்.

மூன்றாவது, கணக்கு. சங்கத்தின் வரவு செலவைப் பொதுக்குழுவில் துருவித் துருவிக் கேட்கும் அங்கத்தினருள் எத்தனை பேர் தம் வீட்டு வரவு செலவை மனைவியிடம் காட்டுகின்றனர்? ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். மாதக் கூலி, பால் பணம், அரிசி, மருந்து, பள்ளிச் செலவு, சேமிப்பு எனக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதட்டும். ஊரார் மெச்ச ஒரு விழாவுக்கு ஒரு லட்ச ரூபாயை மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால், மாதம் 2,000 ரூபாயும் ஆண்டுக்கு 24,000 ரூபாயும் வட்டிக்கே போகும். முதல் அப்படியே நிற்கும். அத்தொகைக்கு எத்தனை நாள் தறியில் அமர வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் கூலியால் வகுத்துப் பார்க்கட்டும். பந்தலில் ஒரு நாள் பெற்ற புகழுக்கு எத்தனை மாலைப் பொழுதுகளை விலையாகக் கொடுத்தோம் என்பது அப்போது விளங்கும்.

வீட்டார் இவ்வளவும் செய்தாலும் சங்கம் தன் பங்கைச் செய்யாவிடில் பயன் குறைவே. கூலி உரிய நாளில் வராவிட்டால் எந்தக் கணக்குப் புத்தகமும் பொய்த்துப்போகும். நூல் உரிய நேரத்தில் வராவிட்டால் பகலெல்லாம் வெறுந்தறியும் இரவெல்லாம் அவசர நெசவும் என்றாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரிக்க இயலாது. தறிக்குழியில் ஈரம் ஊறும். அம்மாதங்களே நெசவாளர் இல்லத்தின் சோதனைக் காலம். நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் அங்கத்தினர் கூலியில் ஒரு பகுதியைச் செலுத்த, அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. அச்சேமிப்பு ஒருபுறம் வளர, மழைமாதத் தேவைக்கென அங்கத்தினர் தனியே சிறுகச் சேர்க்கவும் சங்கங்கள் வழி செய்தல் வேண்டும். உழவர்க்கும் அறுவடைக்குப் பின் நெல்லுக்குரிய பணம் தாமதமின்றிக் கிடைத்தால்தான் அவர் தனியாரிடம் வட்டிக்கு நில்லார்.

இவற்றினும் முக்கியமான ஒன்றுண்டு. தறியில் உழைக்கும் பெண் அங்கத்தினராகத் தம் பெயரிலேயே சேர்க்கப்படவும், கூலி அவர் கணக்கிலேயே செலுத்தப்படவும் வேண்டும். பால் சங்கங்களில் தம் பெயரில் பால் ஊற்றிப் பணம் பெறும் பெண்களின் வீடுகளை நோக்குவோம். அப்பணம் பிள்ளையின் பென்சிலாகவும் மருந்தாகவும் வீட்டுக்கே திரும்பி வருவதைக் காணலாம். பொதுக்குழுவை அடுப்படி வேலை மிகுந்த நேரத்தில் கூட்டிவிட்டு, "பெண்கள் வருவதில்லை" எனக் குறை கூறுவது முறையன்று.

எளிய இல்வாழ்வைப் போற்றினால் இளைஞரின் ஊக்கம் குன்றும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் தேவையற்றது. மகன் தறியிலேயே இருக்க வேண்டும், மகள் வயலிலேயே நிற்க வேண்டும் என நாம் கூறவில்லை. அவர்கள் கல்லூரி செல்லட்டும். திருப்பூரிலோ சென்னையிலோ வேறு தொழில் தேடட்டும். ஒன்றாக உண்ணவும், பங்கிட்டு உழைக்கவும், மறையாது கணக்குச் சொல்லவும் பழகிய பிள்ளை எங்கே குடியேறினும் அங்கே ஓர் இல்லத்தை அமைத்துக்கொள்ளும். அப்பழக்கம் இல்லாத பிள்ளைக்கு எத்துணைச் சம்பளம் வந்தாலும் வாடகை வீடு ஒன்றே மிஞ்சும்.

அங்கத்தினர் அன்பர்களே! கூலிக்கும் விலைக்கும் நாம் நடத்தும் முயற்சி எதற்காக? நம் வீடுகளில் மாலை விளக்கின் கீழ் அனைவரும் கவலையின்றி அமரும் ஒரு மணி நேரத்துக்காகவே. அம்முயற்சியின் பயனைக் கண்முன் வைத்துக்கொண்டு அதனை உண்ண நேரமில்லை என்போமாயின் நம்மைவிட ஏழைகள் யாருமில்லை. இன்றிரவே தறியைச் சற்று முன்னதாக நிறுத்துங்கள். வீட்டில் உழைத்தவர் அனைவரையும் ஒரே பந்தியில் அமரச் செய்யுங்கள். அடுத்த பொதுக்குழுவுக்கு அவர்களையும் உடன் அழைத்து வாருங்கள்.