வாடகை கம்மி, இடம்? திருவல்லிக்கேணியில் குடியிருப்பது எப்படி இருக்கும்?

சென்னைக்கு வேலை தேடி வருபவர்களுக்கு, ஏற்கெனவே வந்து செட்டில் ஆனவர்கள் சொல்லும் முதல் யோசனை பல வருஷங்களாக மாறவே இல்லை: "ட்ரிப்ளிகேன்ல ரூம் பாரு." ஓ.எம்.ஆர் வந்தது, மெட்ரோ வந்தது, பி.ஜி ஹாஸ்டல்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. ஆனாலும் நகரத்தின் நடுவில், கடற்கரைக்குப் பக்கத்தில், குறைந்த சம்பளக்காரர்களால் தாக்குப்பிடிக்க முடிகிற பகுதிகளில் ஒன்றாகத் திருவல்லிக்கேணி நீடிக்கிறது. இது எப்படிச் சாத்தியம்? வாடகையில் மிச்சமாகும் பணத்துக்குப் பதிலாக அங்கே இருப்பவர்கள் எதைக் கொடுக்கிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

திருவல்லிக்கேணியில் என்ன இருக்கிறது?

1676-ல் கிழக்கிந்திய கம்பெனியின் கைக்கு வந்த பழைய ஊர் இது. பார்த்தசாரதி கோயில் ஒரு பக்கம், 1795-ல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசல் இன்னொரு பக்கம். பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடும் இங்கேதான். கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் இன்னமும் சொல்கிற கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை, ஜாம் பஜார் மார்க்கெட், 1904-ல் தொடங்கிய டி.யு.சி.எஸ் கூட்டுறவுப் பண்டகசாலை என எல்லாமே நடக்கிற தூரத்தில்.

போக்குவரத்தும் அப்படித்தான். திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையம் ஒரு ஓரம், அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம் இன்னொரு ஓரம். எழிலகம், சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா சாலைக் கடைகள் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்கள் நடந்தே போய்விடலாம். சம்பளம் குறைவாக இருப்பவர்களுக்கு இந்த 'நடந்தே போகலாம்' என்பதுதான் பெரிய சலுகை.

நகரத்தின் நடுவில் வாடகை எப்படிக் குறைவாக இருக்கிறது?

முதல் காரணம், தெருக்களின் அகலம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, அடுக்குமாடி உயரக் கட்டடம் எழுப்ப குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். திருவல்லிக்கேணியின் உள் தெருக்கள் பலவற்றில் ஒரு கார் நுழைந்தாலே எதிரே வரும் ஆட்டோ பின்னால் போக வேண்டும். அதனால் பெரிய பில்டர்களுக்கு இந்தத் தெருக்களில் லாபம் குறைவு.

இரண்டாவது, மனைகள் சின்னவை. ஒரே வீட்டுக்கு அண்ணன், தம்பி, அத்தை பிள்ளைகள் என்று பல வாரிசுகள். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். கோயில் மனையிலும் வக்ஃபு மனையிலும் நிற்கிற வீடுகளும் உண்டு. அவற்றை நினைத்தபடி கைமாற்ற முடியாது.

மூன்றாவது, கட்டடங்களின் வயசு. லிஃப்ட் இல்லை, பார்க்கிங் இல்லை, சுவரில் ஈரம் இறங்குகிறது. கூடுதலாகக் கொடுக்க முடிந்தவர்கள் வேறு ஏரியாவுக்குப் போய்விடுகிறார்கள். அதாவது, இங்கே வாடகை கம்மியாக இருப்பது எந்த அரசுத் திட்டத்தாலும் அல்ல, இடத்தின் குறைகளால்தான்.

மேன்ஷன் வாழ்க்கை எப்படி?

திருவல்லிக்கேணி என்றாலே மேன்ஷன். ஒரு அறையில் இரண்டு அல்லது மூன்று கட்டில், சுவரில் ஒரு அலமாரி, தளத்துக்குப் பொதுவான குளியலறை, கழிவறை. சமைக்கக் கூடாது என்பதே பெரும்பாலும் விதி. சாப்பாட்டுக்குத் தெருவில் மெஸ், கையேந்தி பவன், பிரியாணிக் கடை. அந்தத் தெருக்களின் வியாபாரமே சமையலறை இல்லாத இந்த ஆண்களை நம்பி நடக்கிறது.

டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிப்பவர், மெடிக்கல் ரெப், சினிமாவில் உதவி இயக்குநர், துணிக்கடை சூப்பர்வைசர் எனப் பலரும் ஒரே மாடியில் இருப்பார்கள். வேலை எங்கே காலி, எந்த முதலாளி சம்பளம் ஒழுங்காகத் தருகிறார் என்ற தகவல் வராண்டாவிலேயே கிடைத்துவிடும். புதுசாக வருபவருக்கு இந்தப் பழக்கம் வாடகையைவிடப் பெரிய உதவி.

ஆனால், மேன்ஷன் ஆண்களுக்கானது. அதே சம்பளத்தில் வேலைக்கு வரும் பெண்களுக்கு லேடீஸ் ஹாஸ்டல்தான் வழி. அவை 2014-ம் ஆண்டின் தனிச் சட்டப்படி பதிவும் உரிமமும் பெற வேண்டியவை. அந்தப் பாதுகாப்பு தேவைதான். ஆனால், தனியாக ஓர் அறை எடுத்துத் தங்க நினைக்கும் பெண்ணுக்கு இந்த ஏரியாவில் வாய்ப்பு மிகக் குறைவு.

குடும்பமாக இருப்பவர்களுக்கு?

இங்கேதான் கணக்கு கொஞ்சம் சிக்கல். ஒரு வாசல், உள்ளே நீளமான நடை, இரு பக்கமும் ஒற்றை அறை வீடுகள். இந்த ஒண்டுக்குடித்தன அமைப்பு சில தெருக்களில் இன்னமும் இருக்கிறது. கழிவறை பொது. பகலிலும் லைட் போட வேண்டும். தண்ணீர் வரும் நேரத்தில் அடிபம்பு முன் குடம் வைக்க ஒருவர் எழுந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது அந்த வீட்டுப் பெண்தான். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, சொந்த போர்வெல்லோ பெரிய சம்ப்போ இல்லாத இப்படிப்பட்ட வீடுகளுக்கு லாரித் தண்ணீரே கதி.

வாடகைச் சீட்டில் வராத செலவுகளும் உண்டு:

* கரண்ட்: தமிழகத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால், வாடகைக்காரர் சப்-மீட்டரில் இருந்தால், ஓனர் சொல்லும் யூனிட் ரேட்தான். இலவச யூனிட்டின் பலன் அவருக்குப் போய்ச் சேருவது ஓனரின் மனசைப் பொறுத்தது.
* குடிநீர்: கேன் தண்ணீர் மாதாந்திரச் செலவாகவே ஆகிவிட்டது.
* வண்டி: தெருவில் நிறுத்துகிற பைக்குக்கு உத்தரவாதம் இல்லை. சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் அந்த இடமும் கிடைக்காது.
* கேள்விகள்: என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களா, பேச்சிலரா? இந்தக் கேள்விகளுக்கு 'சரியான' பதில் இல்லாதவர்களுக்கு, காலியாக இருக்கும் வீடும் காலியில்லை.

இத்தனைக்கும் பதிலாகக் கிடைப்பது என்ன? கதவைத் திறந்தால் மனிதர்கள். வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். கடையில் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ராத்திரி புழுக்கம் தாங்கவில்லை என்றால் மெரினா இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் வாழும் குடும்பத்துக்கு அந்த மணல்தான் ஹால், பால்கனி எல்லாம்.

சட்டம் யார் பக்கம்?

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீண்ட காலம் இருந்தது. 'நியாய வாடகை' நிர்ணயிக்கும் முறை அதில் இருந்தது. அதற்குப் பதிலாக, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் தொடர்பான 2017-ம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது.

இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். தகராறு என்றாலும் ஓனர் தண்ணீர், கரண்டை நிறுத்த முடியாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் 'வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்' என்ற வரியும் கூடவே இருக்கிறது. ஆறு மாசம், பத்து மாசம் அட்வான்ஸ் கேட்டு, அதை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க அந்த ஒரு வரி போதும்.

இன்னொரு விஷயம் பழைய குடித்தனக்காரர்கள் கவனிக்க வேண்டியது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் போடப்படவில்லை என்பதே வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. 'அப்பா காலத்துல இருந்து வாய்வார்த்தையில இருக்கோம்' என்பது இப்போது பலம் இல்லை, பலவீனம்.

இங்கே இடமில்லை என்றால் எங்கே போவார்கள்?

பெரும்பாக்கம் ஒரு பதில். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் பெயர் மாறியது) அங்கே 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருக்கிறது. கூவம் கரை உள்ளிட்ட நடுச் சென்னைப் பகுதிகளில் இருந்து பல குடும்பங்கள் அங்கே மாற்றப்பட்டன. வீட்டுக்குள்ளேயே கழிவறை, உறுதியான சுவர் கிடைத்தது உண்மை. ஆனால் வேலை இருப்பது சுமார் 25 கி.மீ தள்ளி.

2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. இருந்தாலும் பஸ் காசைத்தான் மிச்சம் செய்யும், நேரத்தை அல்ல. காலையில் மூன்று வீட்டில் வேலை முடித்து, பிள்ளை ஸ்கூலில் இருந்து வருவதற்குள் திரும்புகிற பெண்ணுக்கு, போக வர மூன்று மணி நேரம் என்றால் ஒரு வீட்டு வேலை போச்சு. வாடகையில் குறைந்தது சம்பளத்திலும் குறைந்துவிடும்.

அடுத்து என்ன?

திருவல்லிக்கேணியைப் போன்ற பகுதிகளைப் 'பழசு, நெரிசல்' என்று மட்டும் பார்த்தால் தீர்வு இடிப்பதுதான் என்று தோன்றும். மனை வாரிசுப் பிரச்சினை ஒவ்வொன்றாகத் தீரும்போது, சின்னச் சின்ன அபார்ட்மென்ட்கள் எப்படியும் எழும். அவற்றின் வாடகையை இப்போது அங்கே இருப்பவர்களால் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இடிக்காமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன: வீட்டுக்கு ஒரு கழிவறை கட்டக் கடன், தீயணைப்பு வண்டி நுழையும்படி தெரு ஆக்கிரமிப்பை அகற்றுவது, மேன்ஷன்களில் தீ பாதுகாப்புச் சோதனை, ஒப்பந்தப் பதிவுக்கு வார்டு அளவில் முகாம். எதுவும் பெரிய பட்ஜெட் திட்டம் இல்லை. வசதி கூடி, வாடகை அதே வேகத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமான பகுதி. மாநகராட்சியும் வாரியமும் இதற்குப் பதில் கண்டுபிடிக்காவிட்டால், 'ட்ரிப்ளிகேன்ல ரூம் பாரு' என்ற யோசனையை அடுத்து வருபவர்களிடம் யாரும் சொல்ல முடியாது.