திருமானூர் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரப் பள்ளியா?

2025ஆம் ஆண்டு பிளஸ் டூ பரீட்சையில் அரியலூர் ஜில்லா 98.82 சதவீதத் தேர்ச்சி பெற்று மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்றது. அதற்கு முந்தின ஆண்டு, 2024இல், பத்தாம் வகுப்பிலும் 97.31 சதவீதத்துடன் இதே ஜில்லாதான் முதல். 2011 ஜனத்தொகைக் கணக்கில் எழுத்தறிவு மாநிலத்துக்கு 80 சதவீதம், அரியலூருக்கு 71 சதவீதம் என்று கடைசி வரிசையில் கிடந்த ஜில்லா இது. கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லித் திரிந்தவர்களின் வாயை இந்தப் பிள்ளைகள் அடைத்துவிட்டார்கள். அவர்களையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் பாராட்டுகிறோம்.

ஆனால் மாலை விழுந்திருப்பது மேல்மாடிக்கு. அஸ்திவாரத்தின் கதி என்ன?

கொள்ளிடக் கரையில் திருமானூர் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். மஞ்சள் வேன் வருகிறது. நிலமுள்ளவர் வீட்டுப் பிள்ளை ஏறுகிறது, கடைக்காரர் பிள்ளை ஏறுகிறது, மாதச் சம்பளக்காரர் பிள்ளையும் ஏறுகிறது. வேன் போன பிறகு தெருவில் மிஞ்சி நிற்பவர்கள் யார்? நடவுக்கும் களையெடுப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் விடியலிலேயே கிளம்பிவிட்ட தாய்மாரின் பிள்ளைகள். சேரித் தெருப் பிள்ளைகள். சர்க்கார் ஆரம்பப் பள்ளி இவர்களுடைய பள்ளியாகத்தான் மீந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலும் காலை உணவு கிடைக்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். வயிறு நிறைந்த பிள்ளைக்கு அடுத்து வேண்டியது ஆசிரியர்.

ஆசிரியர் கணக்கைப் பார்ப்போம். 60 பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு 2 ஆசிரியர் போதும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். வகுப்போ ஐந்து. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் பாடம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேருடைய பத்து மணி நேரத்தை ஐந்து வகுப்புக்குப் பங்கிட வேண்டும். ஒரு வகுப்புக்குக் கிடைப்பது இரண்டு மணி! மீதி மூன்று மணி நேரம் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறது, அல்லது பக்கத்து வகுப்பின் பாடத்தை ஓரக்காதால் கேட்கிறது. இரண்டு பேரில் ஒருவரை வெளிவேலைக்கு அனுப்பிவிட்டால் இரண்டு மணி ஒரு மணியாகிறது. ஜனத்தொகைக் கணக்குக்கும் தேர்தலுக்கும் ஆசிரியரை எடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டமே வழிவிட்டிருக்கிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்த வேலையில் ஆசிரியர்களும் இறக்கப்பட்டதை நாடே பார்த்தது.

1953இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. நமது கட்சியும் எதிர்த்து நின்றது. 1954இல் காமராஜர் அதை ரத்துச் செய்தார். அந்தத் திட்டமாவது மூன்று மணி கொடுத்தது! இன்று எந்த உத்தரவும் இல்லாமல், எவருடைய பெயரும் கெடாமல், இரண்டு மணி நேரப் பள்ளி நடக்கிறது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டத் திணறுகிறது என்று புகார் சொல்கிறார்கள். இந்த ஒன்றியத்து ஏலாக்குறிச்சியில் மாதா கோயில் எழுப்பித் தமிழ்த் தொண்டு செய்த வீரமாமுனிவர்தான் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவத்தைப் பிரித்துக் காட்டியவர் என்பார்கள். அந்த மண்ணில் ஒரு பிள்ளை எ எது, ஏ எது என்று விழித்தால் நமக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் குற்றம் பிள்ளையின் மண்டையில் இல்லை. 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் முடிய ஆரம்ப வகுப்புகள் பூட்டிக் கிடந்தன. 2022இல் ஏசர் கணக்கெடுப்பு நடந்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வாசிப்பு மளமளவென்று சரிந்திருந்தது. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் நேரம் குறைந்தால் படிப்பு குறைகிறது. நாள் பாதி வேலை செய்தவனுக்கு முழுக்கூலி வராது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே!

பிறகு நடப்பது இன்னும் மோசம். படிப்பு சரியில்லை என்று கடன் வாங்கியாவது பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள். பதிவேட்டில் தலை குறைகிறது. தலை குறைந்ததும் ஆசிரியர் பணியிடம் 'உபரி' என்று வேறிடம் போகிறது. அதனால் இன்னும் நாலு பிள்ளை வெளியேறுகிறது. 2025இல் மாநிலத்தில் 200க்கும் மேற்பட்ட சர்க்கார் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூட இல்லை என்று கல்வி இலாகாவே அறிவித்தது. அதே சட்டம் தனியார் பள்ளியில் நான்கில் ஓர் இடத்தை ஏழைப் பிள்ளைக்கு ஒதுக்கி, கட்டணத்தைச் சர்க்கார் பணத்திலிருந்து கட்டச் சொல்கிறது. இடம் கிடைத்த பிள்ளையை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பணத்தில் எத்தனை ஆசிரியர்களை நியமிக்கலாம்? மத்திய சர்க்காரோ, தன் திட்டத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது.

ஆலைத் தொழிலாளித் தோழர்களிடம் ஒரு வார்த்தை. நிரந்தர வேலையும் சங்கம் வாங்கித் தந்த சம்பள உயர்வும் உள்ள நம்மவர் பலர், முதல் காரியமாகப் பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள். கோபத்தில் சொல்லவில்லை, ஆசை நியாயமானதுதான். ஆனால் சங்கம் நடத்தத் தெரிந்தவன், மனு எழுதத் தெரிந்தவன், அதிகாரியைக் கேள்வி கேட்கத் தெரிந்தவன் வெளியேறிவிட்டால், மிஞ்சும் கூலிக்காரத் தாய்க்காக அங்கே யார் பேசுவது? அதிகாரிகளும் சர்க்கார் சம்பளம் வாங்குபவர்களும் தங்கள் பிள்ளைகளைச் சர்க்கார் ஆரம்பப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று அலகாபாத் ஹைகோர்ட் 2015இல் உத்தரவிட்டது. நீதிபதிக்கே புரிந்த விஷயம் இது.

தலைக்கணக்கு எதுவானாலும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர். பள்ளி நாட்களில் அவருக்கு வெளிவேலை கூடாது. ஒரு பள்ளியையும் மூடக்கூடாது. இவை நமது கோரிக்கைகள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று சட்டம் இருக்கிறது. விவசாயத் தொழிலாளர் சங்கப் பெண்கள் அதில் நுழைய வேண்டும். மே தினத்தன்று ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. காலையில் கொடியேற்றிய கையோடு அங்கே போய் உட்காருங்கள். நம் ஊர்ப் பள்ளியில் எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர் என்று கேளுங்கள். கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, படிக்கச் சொல்லிக் கேட்டு, நகலைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.