குரோஷா ஊசியும் ஒரு டூல்தான்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



போன வருஷம் ஆண்டு விழாவுக்கு முன்னால் நோட்டீஸ் போர்டில் போட்டிகளின் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். கவிதை, பேச்சு, பாட்டு, கேரம், செஸ் என்று வரிசையாகப் போய், கடைசியில் மூன்று வரி. கோலம், மெஹந்தி, கைவினைப் பொருள். அந்த மூன்றையும் ஒரு பெரிய அடைப்புக்குறிக்குள் கட்டி, பக்கத்தில் 'மாணவியருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. நான் போய் கைவினைக்குப் பெயர் கொடுத்தேன். பெயர் எழுதிக்கொண்டிருந்த சீனியர் அண்ணன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "தங்கச்சி பேரா தம்பி?" என்றார். "இல்லண்ணே, என் பேர்தான்" என்றேன். பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அப்படிச் சிரித்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு குரோஷா போடத் தெரியும். நம் வீடுகளில் பழைய டி.வி. மேலே வெள்ளையாய்ப் பூப்பூவாய் ஒரு துணி கிடக்குமே, அதுதான் குரோஷா. ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு, வேறு எதுவும் வேண்டாம். ஹாஸ்டலில் என் ரூமுக்கு வருகிறவன் எல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "என்ன மக்கா, பொம்பளைப் புள்ள மாதிரி..." இந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் எப்படி இது என் கைக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவுக்கு விபத்து. லாரி டிரைவர். வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, பிளேட் வைத்து, ஆஸ்பத்திரியில் 23 நாள். அம்மா பகலில் பீடி சுற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. எனவே ராத்திரி அப்பாவோடு இருந்தது நான்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நேரம் நகரவே நகராது. செல்போன் சார்ஜ் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மண்டையில் ஏறாது. அந்த செமஸ்டரில் எனக்கு ரெண்டு பேப்பர் போச்சு. அது வேறு கதை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஊரிலிருந்து ஆச்சி வந்தாள். கையில் ஒரு மஞ்சப் பை. அதில் வெத்திலைப் பெட்டி, ஒரு சேலை, ஒரு நூல்கண்டு, ஊசி. ஆச்சி எங்கே போனாலும் அந்த ஊசி கூடவே போகும். வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் பாட்டுக்குப் போட ஆரம்பித்தாள். நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏல, காலை ஆட்டாத. இந்தா, இதப் பிடி" என்று ஊசியை என் கையில் திணித்தாள்.

சங்கிலி போடக் கற்றுக்கொண்டேன். வளையத்துக்குள் கொக்கியை விடு, நூலை இழு, வெளியே எடு. அவ்வளவுதான். முதல் ராத்திரி முழுக்க வெறும் சங்கிலிதான். காலையில் பார்த்தால் ஒரு ஆள் உயரத்துக்கு அழுக்கு நூல் சங்கிலி ஒன்று தொங்கியது. எதற்கும் பயன்படாது. ஆனால், நண்பர்களே, அந்த ஒரு ராத்திரிதான் நான் ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி நினைக்காமல் இருந்த ராத்திரி. கவலை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கவலை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. கை எண்ணிக்கொண்டிருந்ததால் அதோடு பேச எனக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

அப்பா அதிகம் பேசாத ஆள். என்னைப் பார்த்து சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கட்டிலில் படுத்தபடியே, "எத்தனை கண்ணு ஆச்சு?" என்று கேட்டார். "நாப்பத்திரெண்டுப்பா" என்றேன். அதிலிருந்து அவர் எண்ணுவார், நான் போடுவேன். நான் தப்பாக எண்ணினால், "ஒண்ண விட்டுட்ட" என்பார். சின்ன வயசிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை என்று எனக்கு வேறொன்றும் ஞாபகமில்லை. நான் போட்ட முதல் சதுரம் ஒரு பக்கம் கோணலாக இழுத்துக்கொண்டு நிற்கும். அதை இன்றைக்கும் அவர் தண்ணி டம்ளருக்கு மூடியாக வைத்திருக்கிறார்.

சரி, வீட்டுக் கதை போதும். நாமெல்லாம் டெக்னிக்கல் ஆட்கள், டெக்னிக்கலாகவும் கொஞ்சம் பேசுவோம்.

உல்லன் ஸ்வெட்டர் பின்னுவதற்கும் குரோஷாவுக்கும் என்ன வித்தியாசம்? ஸ்வெட்டர் பின்னலில் ஒரு வரிசை வளையம் முழுக்க ஊசியில் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். வரிசையாக இருப்பதை மெஷினால் பிடிக்க முடியும். 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் இயந்திரம் செய்துவிட்டார். இன்றைக்குத் திருப்பூரில் ஓடுகிற நிட்டிங் மெஷின் எல்லாம் அந்த வம்சம்தான். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு வளையம்தான் உயிரோடு இருக்கும். அந்த ஒன்றிலிருந்து கொக்கி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். முன்னால் போட்ட எந்தக் கண்ணுக்குள்ளும் நுழையும், திரும்பும், சுற்றும். நானூறு வருஷத்துக்கு மேலாக இத்தனை மெஷின் செய்தும், கையால் போடுகிற குரோஷாவை அப்படியே போட்டுத் தள்ளும் மெஷின் இன்றுவரை எந்தத் தொழிற்சாலையிலும் ஓடவில்லை! 'குரோஷே மெஷின்' என்ற பெயரில் ஒன்று உண்டு. எலாஸ்டிக் பட்டி, நாடா எல்லாம் அதில் ஓடும். பெயர்தான் அப்படி, அது செய்வது வார்ப் நிட்டிங்.

இன்னொன்று. வட்டமாகப் போட்டுப் பாருங்கள். நடுவில் 6 கண், அடுத்த சுற்றில் 12, அடுத்து 18, அடுத்து 24. சுற்றுக்கு ஆறு ஆறாக ஏற்றினால் தட்டையாக உட்காரும். "ஏன் ஆச்சி ஆறு?" என்று கேட்டேன். "அப்படித்தாம்ல" என்றாள். ரூமுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஒரு கண்ணின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஆரம் ஒரு கண் கூடினால் சுற்றளவு 2π கண் கூடும். அதாவது 6.28. ஆச்சி அதைத்தான் ஆறு என்கிறாள்! கம்மியாக ஏற்றினால் ஓரம் மடங்கித் தொப்பியாகிவிடும். அதிகமாக ஏற்றினால் கோழிக்கொண்டைப் பூ மாதிரி சுருண்டு சுருண்டு நிற்கும். அந்தச் சுருளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஹைப்பர்பாலிக் தளம் என்று கணித மேதைகள் காகிதத்தில் மட்டும் வைத்திருந்ததை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை 1997-ல் குரோஷா ஊசியால் போட்டு மாணவர்கள் கையில் கொடுத்தார். கணக்கில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!

ஒர்க் ஷாப்பில் முதல் வருஷம் நாம் எல்லாரும் அரம் பிடித்து ராவியிருக்கிறோம். சதுரம் வரவேண்டும் என்று ராவி, ராவி, கடைசியில் அரை மில்லிமீட்டர் அதிகமாகப் போய்விட்டால் ஜாப் ஸ்க்ராப். ராவினதைத் திரும்ப ஒட்ட முடியாது. குரோஷாவில் தப்பு விட்டால் ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் போதும், சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். நூல் நூலாகவே கைக்குத் திரும்பி வரும். இரண்டு பேப்பர் போய் ஹாஸ்டலுக்குத் திரும்பிய நாட்களில், நான் வேண்டுமென்றே நன்றாக வந்ததைக்கூட உருவிவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது பணம். "எவ்வளவுக்கு விக்கும்?" என்று கேட்காதவன் கிடையாது. ஆசை யாரை விட்டது? ஒரு பர்ஸ் போட்டு விற்றேன். 200 ரூபாய் கிடைத்தது. நூலுக்கும் ஜிப்புக்கும் 60 ரூபாய். மீதி 140. போட்ட நேரம் 14 மணி. மணிக்கு 10 ரூபாய்! அடுத்த பர்ஸைப் போட உட்கார்ந்தபோது கை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போட்டது. பாதியில் வைத்துவிட்டேன்.

என்னால் வைத்துவிட முடிந்தது. வைக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஆந்திராவில் கோதாவரி டெல்டாவில் நர்சாபூர் என்று ஒரு ஊர். அந்தப் பக்கத்து கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் குரோஷா லேஸ் போடுகிறார்கள். சரக்கு வெளிநாட்டுக்குப் போகிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் அங்கே போய் ஆராய்ச்சி செய்து 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொல்வது இதுதான். இந்தப் பெண்களை 'தொழிலாளி' என்று யாரும் சொல்வதில்லை, வீட்டில் சும்மா இருக்கிறவர்கள் பொழுதுபோக்காகப் போடுகிறார்கள் என்கிறார்கள், அந்த ஒரு வார்த்தையை வைத்தே கூலியைக் குறைத்துவிடுகிறார்கள். படித்தபோது எனக்குப் பகீர் என்றது. 'பொழுதுபோக்கு', 'மனசுக்கு நிம்மதி' என்று நான் பெருமையாகச் சொல்கிற அதே வார்த்தைதான் அங்கே ஒருத்தியின் கூலியைத் தின்கிறது. மெஷினால் முடியாது என்று மேலே பெருமைப்பட்டேனே, அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. கடையில் 300 ரூபாய்க்கு ஒரு குரோஷா சட்டை தொங்கினால், அதில் ஒவ்வொரு கண்ணையும் யாரோ ஒருவர் கையால்தான் போட்டிருக்கிறார். அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. விலையைக் குறைத்துக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அம்மா கடையில் இலை வாங்கி வந்து வீட்டில் பீடி சுற்றுகிறாள். அவளையும் ரேஷன் கார்டு படிவத்தில் 'இல்லத்தரசி' என்றுதான் எழுதினோம். எழுதியது நான்தான்.

நம் பக்கமும் இந்தக் கதை பழசுதான். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் 1820-களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை 1844-ல் மணந்து இடையன்குடிக்கு வந்து அங்கேயும் அதைத் தொடர்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். புத்தகம் எழுதியவரை நமக்குத் தெரிகிறது, லேஸ் சொல்லிக்கொடுத்தவரைத் தெரிவதில்லை! அது குரோஷா இல்லை, திண்டு மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்கிற வேறு வகை. அயர்லாந்தில் 1840-களின் பெரும் பஞ்சத்தில் உருளைக்கிழங்கு அழுகிப்போனபோது பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது குரோஷா லேஸ்தான்.

இனி அந்தக் கேள்வி. "பொம்பளைப் புள்ள மாதிரி..." மீன் பிடிக்கிற ஊரில் போய்ப் பாருங்கள் நண்பர்களே. மீசை வைத்த ஆம்பளைகள் கடற்கரையில் உட்கார்ந்து வலை முடிகிறார்கள், கிழிந்த கண்ணைக் கட்டுகிறார்கள். யாராவது சிரிக்கிறார்களா? நூலும் முடிச்சும்தானே அதுவும்? தறியில் உட்கார்ந்தால் ஆம்பளை, திண்ணையில் ஊசி பிடித்தால் பொம்பளையா? நம் கல்லூரி மாணவிகளை இன்றைக்கு லேத்தில் நிற்கவைக்கிறோம். வெல்டிங் கண்ணாடி மாட்டிவிடுகிறோம். அது சரி என்றால் இது எப்படித் தப்பாகும்? அவர்கள் இந்தப் பக்கம் வர எத்தனை சிரிப்பைத் தாங்கியிருப்பார்கள் என்று எனக்கு அந்த வரிசையில் நின்ற அன்றுதான் கொஞ்சம் புரிந்தது.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை பெரிசாக ஒன்றுமில்லை. நோட்டீஸ் போர்டில் அந்த அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள். கோலத்துக்கும் சேர்த்துத்தான். ஒர்க்கிங் மாடல் கண்காட்சியில் ஓரமாக ஒரு மேஜை போடுங்கள். ஒயர் கூடை முடிகிறவன், மரத்தில் செதுக்குகிறவன், தையல் தெரிந்தவன் எல்லாம் நம் ஹாஸ்டலிலேயே இருக்கிறான், வெளியே சொல்வதில்லை. என் ரூம்மேட் (கேலி செய்வதில் முதல் ஆள்) போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டை அணைத்துவிட்டு, "மக்கா, அந்த சங்கிலி எப்படிப் போடணும்?" என்று இருட்டில் கேட்டான். சிவன் கண் முடிச்சில் ஒயர் கூடை போட அவனுக்கு ஏற்கனவே தெரியுமாம். அவன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் கிடந்தபோது ஆர்டரை முடித்துக் கொடுத்தவன் அவன்தானாம். இரண்டரை வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்து எனக்குத் தெரியாது.

இந்த வருஷமும் பெயர் கொடுக்கப் போகிறேன். வட்டமாக ஒரு மேஜை விரிப்பு, ஆங்கர் நூலில், 58 சுற்று. கடைசி இரண்டு சுற்றுதான் பாக்கி. அடைப்புக்குறி இருந்தாலும் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். அப்பா கம்பு ஊன்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆச்சியும் வருகிறாள். 31-ஆம் சுற்றில் ஒரு கண் விட்டுப்போனதை நான் 40-ஆம் சுற்றில்தான் கவனித்தேன். உருவ மனசில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன். ஆச்சி வந்ததும் முதலில் அந்த இடத்தில்தான் விரலை வைப்பாள்.