கையெழுத்து ஒருவர், வேலை இன்னொருவர்: வீட்டு வயரிங் தொழில் குறித்து எங்கள் நிலைப்பாடு

வீடுகளில் வயரிங் செய்பவர் ஒவ்வொருவரும் தகுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். அந்தச் சான்று, வேலை தெரிந்த ஏழைத் தொழிலாளிக்கும் எட்டும்படி அரசு வழி திறக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்பணி செய்வோரின் சங்கம் என்ற முறையில் இதுவே எங்கள் நிலைப்பாடு. வழியைத் திறக்காமல் சான்றைக் கட்டாயமாக்கினால் தொழிலாளியின் பிழைப்பு போகும். கட்டாயமாக்காமல் வழியை மட்டும் திறந்தால் அதில் நடக்க ஆள் இருக்காது. ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம்.

இன்றைய நிலை

மின் நிறுவல் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் அது நடக்க வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே உள்ளது. அவற்றுக்குப் பின் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும் அதையே சொல்கின்றன. தமிழ்நாட்டில் உரிமமும் சான்றும் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம்.

நடப்பு வேறு. வீடு கட்டும் மேஸ்திரி தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து பாயிண்ட் கணக்கில் வேலையை ஒப்படைக்கிறார். சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, வயர் இழுப்பதெல்லாம் அவரும் ஹெல்பர்களும்தான். மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் உரிமம் உள்ளவரின் நினைவு வருகிறது. வேலை நடந்த வீட்டின் வாசலைக்கூட மிதிக்காதவர், காசு வாங்கிக்கொண்டு வயரிங் முடிந்த அறிக்கையில் கையெழுத்திடும் பழக்கம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல.

இதனால் வீட்டுக்காரருக்கு வரும் கேடு சுவர் பூசியபின் கண்ணுக்குத் தெரியாது. 4 சதுர மி.மீ. வயர் போட வேண்டிய ஏ.சி. லைனில் மெல்லிய வயர் ஓடியிருக்கும். எர்த் குழி பெயருக்குத் தோண்டப்பட்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., செலவைக் குறைக்க விடுபட்டிருக்கும். எம்.சி.பி. இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. எம்.சி.பி. காப்பது வயரை, ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.

தொழிலாளிக்கு நட்டம் இன்னும் பெரிது. ஷாக் அடிப்பதும் சாரத்திலிருந்து விழுவதும் அவர்தான். பல வீடுகளுக்கு வெளிச்சம் தந்தவரின் பெயர், அந்த வேலையில் எங்கும் இல்லை.

தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கு

இது கௌரவமான தொழில், முறையாக வாருங்கள். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பும், எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பும் தேர்ச்சி போதும். இரண்டும் 2 ஆண்டுப் படிப்புகள். ஐ.டி.ஐ. படிக்காமல் வேலையில் பழகியவர்களுக்கு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு உண்டு. 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும்.

முதல் சில ஆண்டுகளில் கூலி குறைவு, வேலையும் சீராக வராது என்பதை மறைக்க மாட்டோம். ஆனால் தொழில் விரிந்துகொண்டிருக்கிறது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் அமைக்கும் ஒன்றிய அரசின் திட்டம் 2024-இல் தொடங்கியது. இன்வெர்ட்டர், மின் வாகன சார்ஜர் வேலைகளும் வருகின்றன. டெஸ்டரை மட்டும் நம்பி இவற்றில் கை வைக்க முடியாது, டி.சி. மின்சாரமும் எர்த் சோதனையும் படித்தாக வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

1. வயரிங் முடிந்த அறிக்கையில் ஒப்பந்தக்காரரோடு, வேலை செய்த வயர்மேனின் பெயரும் சான்று எண்ணும் இடம்பெற வேண்டும்.

2. உரிமமில்லாத மேஸ்திரியிடம் ஐந்தாண்டு உழைத்தவருக்கு அனுபவத்தைக் காகிதத்தில் காட்ட வழியில்லை. அவரை ஐ.டி.ஐ.யில் செய்முறைத் தேர்வு வைத்து மதிப்பிட வேண்டும்.

3. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக எல்லா மாவட்டங்களிலும் மாலை நேர வகுப்புகள் நடத்த வேண்டும்.

4. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் வீட்டு மின்பணியாளர்களைச் சேர்க்க ஊர்தோறும் முகாம் நடத்த வேண்டும்.

5. இணைப்பு தருமுன் எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் மின்வாரியம் நேரில் சோதிக்க வேண்டும்.

இந்த அளவுகோல் எங்களுக்கும் பொருந்தும். கையெழுத்தை விற்கும் உறுப்பினருக்குச் சங்கம் துணை நிற்காது.

வீடு கட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள். பாயிண்டுக்கு எவ்வளவு என்று கேட்குமுன் தகுதிச் சான்றைக் கேளுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். சான்று உள்ளவர் கூடுதல் கூலி கேட்டால் கொடுங்கள். அவர் செய்த வேலைக்குப் பொறுப்பேற்க ஆள் இருக்கிறது.